அவளை வரச் சொல்லவில்லை

என் மருமகள் கதை எழுதுகிறவள். ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவள், ஆங்கிலத்தில் எழுதுகிறாள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்துவிட்டன. முதல் நாவல் இந்த வருஷம் வருகிறது. இங்கே தர்மபுரிப் பக்கம் அவளைப் பற்றிப் பேச அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், மைக் பிடிக்கக் கூச்சம் கிடையாது. போய்ப் பேசிவிட்டு வருவேன்.

இந்தத் தை மாதமும் ஒரு வாசகர் வட்டத்தில் பேசினேன். ஒரு டுடோரியலின் மாடி, தகர ஷீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். வழக்கமாகச் சொல்வதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். தெஹ்ரானில் அவள் அப்பா கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே, ஊரில் இருக்க முடியாத நிலைமை வந்து, துருக்கி வழியாகக் கிளம்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கணக்கு வாத்தியார் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்தார். அம்மா வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். பெண் அப்பா சொன்னதற்காக பார்மசி படித்தாள். மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே, ஆள் வராத நேரத்தில், பில் காகிதத்தின் பின்பக்கத்தில் கதை எழுதினாள். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. முதல் தொகுப்பை ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதற்கு ஒரு பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு மருந்துக்கடையை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"கதை எழுதறதுக்குக் காலேஜாங்க சார்?" என்று முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தாசில்தார் கேட்டார்.

"ஆமாங்க. பீஸ் கட்டிப் படிக்கறாங்க."

"எங்க ஆபீசுக்கு வந்த பட்டா மனுவெல்லாம் நீங்க படிச்சிருக்கணும். பீஸ் கட்டாமயே என்னமா எழுதுவாங்க தெரியுங்களா."

எல்லோரும் சிரித்தார்கள். வட்டத்தை நடத்துகிற பேங்க் பையன் எழுந்து, "உங்கள வெச்சு ஏதாச்சும் எழுதியிருக்காங்களா சார்? எழுதுனா கேஸ் போடுவீங்களா?" என்றான்.

"நல்லா எழுதியிருந்தா போட மாட்டேன்," என்றேன். அதற்கும் சிரிப்பு.

கடைசியாக, பின்னால் இருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். "உங்க வூட்டம்மாவும் அவங்களும் எப்படிங்க சார் பேசிக்குவாங்க? பாஷை தெரியாதே ரெண்டு பேருக்கும்."

"சமாளிச்சுக்குவாங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர்கள் இருவரையும் பற்றி யாராவது கேட்டால் நான் இப்படித்தான் உட்கார்ந்துவிடுவேன். அதைத்தான் இங்கே எழுத வேண்டும். எந்த இடத்தில் தொடங்கினால் எனக்கே புரியும் என்று தெரியவில்லை. கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் மகன் அங்கே இன்ஜினியர். ஒரு இருமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறான். அவன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, தப்பில்லாமல் வரும்வரை சொல்லிப் பார்த்தாளாம். இருமல் போன பிறகும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான். கல்யாணம் அங்கேயே பதிவு அலுவலகத்தில் நடந்தது. இங்கே சொந்தக்காரர்கள் விசாரித்தார்கள். "என்ன ஆளுங்க பொண்ணு?" நான், "அமெரிக்கன்," என்றேன். ஈரான் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி மதத்தைப் பற்றி வந்திருக்கும். அவள் வீட்டில் யாரும் எதையும் கும்பிடுவதில்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே எல்லோரிடமும் அமெரிக்கன், அமெரிக்கன் என்று சொல்லிச் சொல்லி, நானே அவளை அப்படித்தான் நினைக்க ஆரம்பித்துவிட்டேன். இது நடந்தது எனக்குத் தெரியாமல்.

முதல் தடவை அவள் வந்தபோது மார்கழி. சென்னையிலிருந்து ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கினார்கள். கார் வைத்துக் கூட்டிவந்தேன். எங்கள் வீடு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மனைவி விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், சோறு, எல்லாவற்றுக்கும் மேலே ஒப்பட்டு. கடலைப்பருப்புப் பூரணம் வைத்து மெல்லிசாகத் தட்டி, நெய் விட்டுச் சுட்டெடுப்பாள். எங்கள் பக்கத்தில் அவள் ஒப்பட்டுக்கு நல்ல பேர்.

ஒன்றைச் சாப்பிட்டு முடித்த மருமகள், அடுத்தது வந்தபோது இலைக்கு மேலே கையை நீட்டி, "போதும்மா," என்றாள். ரயிலில் வரும்போது மகன் சொல்லிக்கொடுத்த வார்த்தை. மனைவி கேட்பதாக இல்லை. கைக்குப் பக்கவாட்டில் ஒப்பட்டை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னா விடு," என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுங்க."

"அவங்க நாட்டுல வேணாம்னா வேணாந்தான். திணிச்சா மரியாதை இல்ல."

"திங்கறதுல என்னங்க நாடு?"

"சொன்னாக் கேளு."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மருமகள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்ததாக இப்போது எழுதினால் அது பொய். எனக்கு அன்றைக்கு உள்ளூரப் பெருமை. மேல்நாட்டுப் பழக்கவழக்கம் தெரிந்த மாமனார் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் இருந்த நாளெல்லாம் இதே கதை. காபி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு முறை கேட்பேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். மனைவி என்னைப் பார்ப்பாள், நான் தலையசைப்பேன், அவள் டம்ளரைத் திருப்பி எடுத்துப்போவாள்.

ஒரு நாள் தோட்டத்திலிருந்து நேரத்தோடு திரும்பினேன். சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி களியைக் கிள்ளி, உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மருமகள் விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மனைவி தமிழில் என்னவோ சொல்ல, இவள் பாரசீகத்தில் என்னவோ சொல்ல, இருவருக்கும் புரிந்தது போலத்தான் இருந்தது. நான் வாசற்படியில் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மனைவி எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு வீடியோ போனில் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வார்கள் என்றா சொல்வது? மனைவி கத்தரிக்காயைக் காட்டுவாள், அவள் அங்கே கடையில் வாங்கிய கத்தரிக்காயைக் காட்டுவாள். அரைமணி நேரம் ஓடும்.

பிறகு மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். வாடகைக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். மகன் வந்து இருந்துவிட்டுப் போனான். அவனுக்கு அதற்கு மேல் லீவு கிடைக்கவில்லை.

அவன் திரும்பிப் போன பிறகு மருமகள் என்னை போனில் கூப்பிட்டாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். "எனக்கு இந்தப் பருவத்தில் வகுப்பு இல்லை. நான் வந்து அம்மாவோடு இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, உனக்கு நாவல் வேலை இருக்கிறது," என்றேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டாள். நாவலை எங்கே உட்கார்ந்தும் எழுதலாம் என்றாள். இங்கே கரண்ட் அடிக்கடி போய்விடும், கொசு, உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். பிறகு மூன்றாவது தடவை. "உண்மையாகவே நான் வர வேண்டாமா?" என்றாள். "உண்மையாகவே வேண்டாம். சிரமப்படாதே," என்றேன். "சரி, நீங்கள் சொன்னால் சரி," என்று வைத்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே இன்றுவரை விளங்காதது. பாப்பாரப்பட்டியிலிருந்து பிளம்பரை வரச்சொல்லி மாடி அறையில் வெஸ்டர்ன் டாய்லெட்டைச் சரிபார்க்கச் சொன்னேன். வெந்நீருக்கு கீசர் மாட்டினேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். கீழே கட்டிலில் படுத்திருந்த மனைவி, "யாருக்குங்க மேல தட்டறாங்க?" என்று கேட்டாள். "சும்மா, ரிப்பேரு," என்றேன். மூன்று முறை வராதே என்று சொல்லிவிட்டு, அவள் வருவாள் என்று காத்திருந்தேன். டிக்கெட் போட்டாச்சு அப்பா என்று மகன் கூப்பிடுவான் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் அப்படித்தானே. உடம்புக்கு முடியாத வீட்டில், வராதீங்க, எதுக்கு அலைச்சல் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு யாராவது வராமல் இருப்பார்களா? பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். இலையில் அவளை அமெரிக்காக்காரியாக நடத்தியவன், இந்த விஷயத்தில் மட்டும் அவள் பாப்பாரப்பட்டிக்காரியாக நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வராதபோது அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு நாள் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. வெயில். டிரைவர் ஏசியை நிறுத்திவிட்டு கண்ணாடியை இறக்கினார். பின்சீட்டில் தலையணையில் சாய்ந்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு வரேன்னு சொல்லலீங்களா?"

"வேலை இருக்குதாம். வர முடியாதாம்," என்றேன்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"கூப்பிட்ட விதம் சரியில்லாம இருந்திருக்கும்," என்றாள். "உங்களுக்கு ஆளைக் கூப்புடத் தெரியாது. பையனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வெச்சப்பவே கோர்ட்டு நோட்டீஸ் குடுக்கற மாதிரிதான் குடுத்துக்கிட்டு வந்தீங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"இன்னொருக்கா கூப்புடுங்க," என்றாள். "நான் கேட்டேன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாப் போதும்."

"சரி."

கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டாள், ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்பேன். மறுநாள், அவளுக்கு எழுத்து வேலை நெருக்கடியாம் என்பேன். மகனிடம் கேட்கலாமே என்று நானே ஒருமுறை நடிப்புக்குச் சொன்னேன். "வேணாங்க, வர முடியலன்னு சொன்ன புள்ளையப் பத்தி அவன் காதுல போட்டா, புருசன் பொண்டாட்டிக்குள்ள வம்பாயிரும்," என்றாள். வீடியோவில் மருமகள் வந்தபோதும் அவள் கேட்கவில்லை. சங்கடப்படுத்தக் கூடாது என்று கத்தரிக்காயைப் பற்றியே பேசினாள். கடைசி நாட்களில் போனைப் பிடிக்கக் கையில் வலுவில்லை.

ஆடி மாதத்தில் போய்விட்டாள்.

அவர்கள் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மருமகள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது. நான் போய், வாம்மா என்றேன். காரியம் முடிந்து கிளம்புவதற்கு முன்னால், தோட்டத்து மாமரத்தடியில் என்னிடம் கேட்டாள். "அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?"

"கடைசியில் அவளுக்கு நினைவு இல்லை," என்றேன்.

தலையை ஆட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் அமெரிக்கா போன பிறகு போன் பேச்சு குறைந்தது. மகன் பேசும்போது பின்னால் இருந்து ஒரு ஹலோ சொல்லுவாள், அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையை மகன் எனக்கு அனுப்பினான். அமெரிக்கா போன புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் கேக் வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொன்னாளாம் இவள். ஈரானில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர் மறுபடி கேட்க வேண்டும், விருந்தாளி மறுபடி மறுக்க வேண்டும், அதற்கும் மேலே கேட்கும்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். தாரூஃப் என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். மூன்றாவது வேண்டாம்தான் உண்மையான வேண்டாம் என்று எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் கேக்கை எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டார். ஊரைவிட்டு வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, என் கணவரின் ஊரில், செம்மண் பூமியில், ஒரு இனிப்புத் தட்டு அதேபோலத் திரும்பிப் போனது, அதை எடுத்துப்போன அம்மாவின் முகமும் என் முகம்போலவே இருந்தது என்று ஒரு வரி.

அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அவளும் என் மனைவியும் ஒரே மாதிரி ஆட்கள். நடுவில் நான்தான் இருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு நாட்டின் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். போனில் அவள் மூன்று தடவை கேட்டது எதற்கென்றும் புரிந்தது. என்னுடைய மூன்றாவது வேண்டாமை அவள் தன் பிறந்த வீட்டுக் கணக்குப்படி எடுத்துக்கொண்டாள்.

புரிந்த பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வருஷம் முழுக்க மேடைகளில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு நாவலின் பிரதி வந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் மகன் அனுப்பினான். "நீங்க படிக்கணுமாம்பா. ஏதாச்சும் புடிக்கலன்னா சொல்லச் சொன்னா. எடுத்துடறாளாம்." வாசகர் வட்டத்தில் நான் பேசிய அன்று அதைப் பாதிதான் படித்திருந்தேன். டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தேன்.

ரயில் நிலையம் உள்ள ஒரு சின்ன ஊர். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகள். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகிறது. மருமகள் பேரை எடுத்தாலே மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளை வரவிடாதே என்பது அந்தத் திரும்புதலுக்கு அர்த்தம். அந்த மருமகள் கடைசிப் பக்கம்வரை, என்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று தேடிக்கொண்டே இருக்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். சாது. மனைவி மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் தவிக்கிறார்.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மோசமாகக் காட்டிவிடுவாள் என்ற பயம் போயிற்று. மிகவும் நன்றாக இருக்கிறது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று பதில் அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் ஆரம்பித்தது. அந்த வாரம் சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்பினேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட வந்தேன் என்று நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் எனக்கு ஒரு தெரியாமையைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குப் பதிலாக என் மனைவியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அந்தப் பெண் தனக்குள்ளே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் நம்புகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனைக் கூப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை மாலை. அவளையும் கூப்பிடு என்றேன். இருவரும் திரையில் வந்தார்கள்.

சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அம்மா உன்னை வரச் சொன்னாள். தொப்பூரில் காரில் வைத்துச் சொன்னாள், பிறகும் பல தடவை கேட்டாள். உனக்கு வர முடியாது என்று நான்தான் அவளிடம் சொன்னேன். கடைசிவரை அவளுக்கு நினைவு இருந்தது.

மகன் தமிழில், "அப்பா, என்னப்பா சொல்றீங்க?" என்றான்.

மருமகள் எழுந்து போய்விட்டாள். திரையில் நாற்காலியும் அதன் பின்னால் புத்தக அலமாரியும் தெரிந்தன. மகன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லப்பா. நீங்க வேணாம்னு சொன்னதா அவ சொன்னா. வேணாம்னா வேணாந்தான்னு நானும் விட்டுட்டேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"என்ன சொல்லிக் கேட்டார்கள்? அப்படியே தமிழில் சொல்லுங்கள்."

சொன்னேன். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாப் போதும்." மகன் அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, என்னை மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

"நாவலை மாற்றிவிடு," என்றேன். "அந்த மாமியாரை மாற்று. அந்தக் கிழவனுக்கு எல்லாம் தெரியும் என்று எழுது. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

"மாற்ற மாட்டேன். அது இருக்கிறபடி இருக்கட்டும். நீங்கள் இப்போது சொன்னதை விலைக்கு விற்க எனக்கு மனம் இல்லை." பிறகு, "ஏன்?" என்றாள்.

"எது ஏன்?"

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன் என்றுதான் நினைத்தேன். உன் நாவல் கெட்டுவிடக் கூடாது என்று பார்த்தேன் என்றேன். பிறகு, கெஞ்சிக் கூப்பிட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்றேன். பிறகு, நீயாக வருவாய் என்று நினைத்தேன், மாடியில் கீசர்கூட மாட்டினேன் என்றேன். சொல்லும்போதே ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டது. நாவல் கெடக் கூடாது என்றால் கீசர் எதற்கு? வருவாய் என்று நினைத்தவன் மனைவியிடம் எதற்காக வரமாட்டாள் என்றேன்?

முழுவதையும் கேட்டுவிட்டு, வகுப்பில் பையன்களிடம் பேசுவது போலத்தான் பேசினாள். கோபம் குரலில் இல்லை. "ஒருத்தர் ஒரு காரியத்துக்கு இத்தனை காரணம் சொன்னால், உண்மையானது அதில் இல்லை என்று அர்த்தம். யோசியுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்."

கூப்பிட்டாள். நான் இன்னும் தெரியவில்லை என்றேன். "சரி," என்றாள். பிறகு மழை பெய்ததா, தக்காளி என்ன விலை என்று விசாரித்துவிட்டு வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். மூன்று வருஷமாக ஹலோ மட்டும் சொன்னவள் இப்போது வாரம் தவறுவதில்லை. முதலில் அந்தக் கேள்வி, பிறகுதான் மற்றது. இது தண்டனையா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. மகனிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலப்பா. அவகிட்டயே கேளுங்க," என்றான். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம்.

போன ஞாயிறு அவள் கூப்பிட்டபோது, நான் முன்கூட்டி யோசிக்காத ஒன்று வாயில் வந்தது. "நீ வந்திருந்தால் அவள் உன்னோடுதான் இருந்திருப்பாள். கடைசியில் அவள் எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்ததோ என்னவோ."

அவள் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை இதுவரை நீங்கள் சொல்லவில்லை," என்றாள். "உண்மையா?"

"தெரியவில்லை. இருக்கலாம்."

"அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா?"

இதற்கும் எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் எங்கோ திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தக்காளி விலையை அன்றைக்குக் கேட்கவில்லை. "யோசியுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் கூப்பிடுவாளா என்று தெரியவில்லை.